ஹங்கேரிக்கு ஆங்கிலம் வழியாகப் போனேன்

‘ஹாஸ்’ என்றால் வீடு. ‘ஹாஸ்பொன்’ என்றால் வீட்டில். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து கலக்கிக்கொண்டே இந்த வரியைப் படித்தவன், கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஹங்கேரிய மொழி படிக்க வெள்ளைக்காரர்களுக்காக எழுதிய ஆங்கிலப் புத்தகம் அது. தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கைகழுவ, என் கைக்கு வந்தது. ‘இல்’ என்பது சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், ‘எனக்குப் புத்தகம் இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள், பயப்படாதீர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் மன்னிப்புக் கேட்டிருந்தார் ஆசிரியர். எனக்கென்ன பயம்? நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம்!

எங்கள் டாக்டரம்மா ஹங்கேரிக்காரர். நாட்டில் கலவரம் வந்து, எங்கெங்கோ அலைந்து, இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவர். ஆங்கிலம் நன்றாகவே பேசுவார். பதற்றம் வந்தால் மட்டும் அது பறந்துவிடும், சொந்த மொழிதான் வரும். அந்த நேரத்தில் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று மாதத்தில் புத்தகத்தை வாய்பாடு போல ஒப்பித்தேன்.

மருத்துவச்சி அக்கா என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். மூன்றாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போய், பிறகு பிரசவம் பார்க்கப் பழகியவர். டாக்டரம்மாவிடம் கத்தரிக்கோலைக் காட்டி, “இதுக்கு என்னாங்கம்மா பேரு?” என்பார். ‘ஒல்லோ’ என்று பதில் வரும். மறுநாளே, “ஒல்லோவ எங்கங்கம்மா வச்சீங்க?” என்பார். டாக்டரம்மாவும் எடுத்துக் கொடுப்பார்.

“அப்படிச் சேத்துப் பேசக் கூடாதுக்கா. எலக்கணம்னு ஒண்ணு இருக்கு.”

“எலக்கணத்த நீங்க வச்சுக்கங்க தம்பி. எனக்கு ஒல்லோ வந்தாப் போதும்.”

ஒரு மழைநாள் சாயங்காலம், மலைமேல் தொழிலாளர் வீட்டு வரிசையான மேல்லயத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பாதை சரிந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர வழியில்லை. நாங்கள் மூவரும் ஏறிப் போனோம். ஆம்பிளை உள்ளே வரக் கூடாதென்பதால், அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் திரையாகத் தொங்கிய சாக்குக்கு இந்தப் பக்கம் நான். டாக்டரம்மா சொல்வதை வெளியே இருந்தே தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டரம்மாவின் ஆங்கிலம் அந்தக் கணமே போய்விட்டது. “நே ஞோம்யோன்!” என்று கத்தினார். நான் அதைப் பிடித்து, ஏவலா, எதிர்மறையா என்று ஆங்கிலத்தில் பிரித்துப் போட்டு, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாயைத் திறப்பதற்குள் உள்ளே அக்காவின் குரல்: “முக்காத தங்கச்சி! முக்காத, மூச்ச மட்டும் விடு!” அடுத்த கத்தலுக்கு நான் வேற்றுமை உருபு தேடிக்கொண்டிருக்க, உள்ளே “இந்தாங்கம்மா ஒல்லோ” என்று அக்கா கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு பிள்ளை வீரிட்டது.

இறங்கி வரும்போது எப்படிப் புரிந்ததென்று அக்காவிடம் கேட்டேன்.

“எத்தன பிரசவத்துல நின்னிருக்கேன்! அந்த நேரத்துல வேற என்னாத்தச் சொல்லப் போறாங்க? அவங்க கண்ணு போற எடத்தப் பாத்தேன். நீங்க எதுக்குத் தம்பி, இங்கிலீசுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தீங்க?”

படித்தவன் என்ற பெருமையில் நேர்வழியை விட்டுவிட்டு மலையைச் சுற்றியிருக்கிறேன். அவர் ஒரு பாடமும் படிக்காமல், ஆளையே படித்திருந்தார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

டாக்டரம்மா இப்போது கனடாவில். அந்தப் பிள்ளை இங்கே, தாய்மார் வேலைக்குப் போனால் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் ஓடித் திரிகிறாள். வருகிற ஞாயிறு அக்கா சொல்லச் சொல்ல, நான் ஹங்கேரிய மொழியிலேயே டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதப் போகிறேன். முதல் வரி தயார்: “புள்ள நல்லா இருக்கா.” அடுத்த வரியையும் அக்கா இப்போதே சொல்லிவிட்டார்: “வாய மூடவே மாட்டேங்குறா.” அதை அந்த மொழியில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. இந்த முறை ஆங்கிலத்திடம் கேட்கப் போவதில்லை; தமிழிலிருந்தே நேராகப் போய்ப் பார்க்கிறேன்.