விருத்தாசலத்தில் அக்காவின் இருமல்

எழுபதுகளின் தொடக்கம், நல்ல கோடை. அக்காவின் இருமலுக்காகத்தான் விருத்தாசலம் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்; நான் பார்த்தது ஒரு பீங்கான் கொட்டகையும் ஓர் எக்ஸ்ரே அறையும்தான்.

மெட்ராஸில் காலையில் திருச்சி பஸ் ஏறி மத்தியானம் வேப்பூரில் இறங்கினேன். அங்கிருந்து வேறு பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் சொச்சம், நின்றுகொண்டேதான் பயணம். கண்டக்டரிடம் டாக்டரம்மாவின் கொட்டகைக்கு வழி கேட்டேன்.

"எந்தம்மா? மொதலாளியம்மாவா, மனு போடுற அம்மாவா?"

அங்கேயே குழம்ப ஆரம்பித்தேன்.

எல்லாம் ஒரே ஆள்தான். பீங்கான் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராய்கிற டாக்டர். வேலையில்லாத பெண்களைச் சேர்த்து ஜாடிக் கொட்டகை நடத்துகிறவரும் அவரே, தூசியால் படுத்தவர்களுக்கு நஷ்டஈடு கேட்டு சர்க்காருக்கு மனு போடுகிறவரும் அவரே. அக்கா அந்தக் கொட்டகையில் ஜாடிக்கான வெள்ளைக்கல் பொடி சலித்தாள். மாசக்கணக்கில் இருமல். எக்ஸ்ரேவுக்கு மட்டும் வரமாட்டாளாம்.

"மொதலாளியே நெஞ்ச படம் புடிச்சிப் பாத்தா வேல போயிடாதா? நீயே சொல்லுடி, மூணு பேருல நான் யாருகிட்ட இருமறது?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. "தூசி எறங்கியிருக்குது. இனிமே சலிக்காதீங்க, வர்ணம் பூசப் போங்க."

"அப்ப சலிக்கறது யாருங்க?" என்றாள் அக்கா.

அவர் படத்தை உறைக்குள் போட்டார். "யாரும் வேணாங்க" என்றார்.

தூசி பறக்காதபடி பொடியை நனைத்துச் சலிக்க வழி செய்கிறவரை சலிக்கிற வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டார். பொடி இல்லாமல் ஜாடி ஏது? மறுநாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. வாசலில் நின்ற பெண்கள் டாக்டரம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவிடம்தான் பாய்ந்தார்கள்.

"ஏண்டி, நாங்கல்லாம் இருமலையா? வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியல ஒனக்கு?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. யார் பக்கம் நிற்பது என்றுகூடப் புரியவில்லை.

நீங்கள் போவதானால் ரயிலில் போங்கள். வேப்பூர் வெயிலில் காய வேண்டியதில்லை. ஜாடி வாங்கினால் வைக்கோல் சுற்றித் தரச் சொல்லுங்கள். டாக்டரம்மா செய்தது சரியா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், இன்றைக்கும் தலை சுற்றுகிறது. அக்கா பிழைத்துக்கொண்டாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கொட்டகை மறுபடி திறந்தபோது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் பூச ஒருத்தியும் வரவில்லை.