கம்பளிக்கு அடியில் அம்மாவின் கை

எங்கள் வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை, பாடுபட்டுச் சம்பாதித்தது. அப்பா சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தது, பக்கத்து வீட்டு அக்கா கோயில் பிரசாதத்தைப் படைப்பதற்கு முன்னாலேயே தின்றது, எதுவுமே என் வயிற்றில் தங்காது. பார்த்த கையோடு ஓடிப்போய் யாரிடமாவது கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் சோறு இறங்கும். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இவளை அங்கே சேர்த்துவிட்டால் தந்தி மிஷின் மிச்சம் என்பார்.

அப்படிப்பட்ட நான், வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரே ஒரு நாளில் மூடிக்கொண்டேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஜப்பான்காரன் வருவதற்கு வெகு காலம் முன்னால். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பைத் தன் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அம்மாவின் அக்கா அவள். கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தாள். அவள் ஒன்று நினைத்துவிட்டால் நடுவில் யாரும் புகுந்து பேச முடியாது. அப்பா எங்களை ரயிலில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

கிள்ளான் பாசாரில் வாங்கிய கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்புமாக. அம்மாவின் கைகால்கள் அப்போதே கொஞ்சம் உப்பியிருந்தன. போதும் அக்கா, போதும் அக்கா என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, பெரியம்மா எண்ணெயைத் தடவி ஒவ்வொன்றாக ஏற்றினாள். இடது கையில் தளர்வாக இரண்டு, வலது கையில் பதினொன்று. பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழற்றக்கூடாது, ஒன்றுகூட உடையக்கூடாது என்று அவளே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவில் ஒன்று வந்து போயிருந்தது. அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்தாள். கையில் இருந்த வளையல் உடைந்தது. அந்த வாரமே பிள்ளை செத்துப் பிறந்தது. அம்மா விழுந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. வளையல் உடைந்ததைத்தான் பேசினார்கள். நானும் அதைத்தான் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன்.

வளைகாப்பு முடிந்த பிறகும் இரு இரு என்று பெரியம்மா எங்களை நிறுத்தி வைத்தாள். மூன்றாவது வாரம் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. தோட்டத்துக் கொசு, வேறென்ன. பல் கிட்டிக்கும். இரண்டு கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடும். கொயினா மாத்திரை கொடுத்தால் விழுங்கிய வேகத்தில் வாந்தி. இரண்டு நாள் பார்த்துவிட்டு மாட்டுவண்டியில் ஏற்றி, நாலைந்து தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பலகைச் சுவர், தகரக் கூரை. வெள்ளைக்கார டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் டிரெஸர்தான். புண்ணைக் கழுவுகிறவர், கட்டுப் போடுகிறவர், ஊசி குத்துகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. காய்ச்சல் காலம் என்பதால் கட்டில்கள் போதாமல் தரையிலும் ஆட்கள் கிடந்தார்கள். அவர் நின்று நான் பார்க்கவில்லை.

வயிற்றில் மருந்து தங்காததால் நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார். இடது கையில் இரண்டு தரம் குத்திப் பார்த்தார், நரம்பு அகப்படவில்லை. வலது முழங்கையின் உள்பக்கம் ஒன்று தெரிந்தது. ஆனால் அதற்குக் கீழே மணிக்கட்டில் நெருக்கமாக வளையல். சோப்பு நுரை போட்டு இழுத்துப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை.

"ஒடச்சாத்தாம்மா வரும்" என்றார்.

பெரியம்மா கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஏற்கெனவே ஒண்ணு போயிருச்சு. வளைகாப்பு வளையல் ஐயா இது, இதுல கை வைக்காதீங்க."

அவர் கையிலிருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டார். பின்னால் யாரோ முனகினார்கள், இன்னொரு பக்கம் யாரோ கூப்பிட்டார்கள்.

"சரி. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஊசி நரம்ப விட்டு வெளிய வந்திருச்சுன்னா மருந்து சதைக்குள்ள எறங்கும். கொயினா சதையில பட்டா வெந்து போயிரும். கை வீங்கும். வீங்கினா இந்த வளையலே கைய நெரிச்சிரும். அப்ப யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். ஒடச்சுப் போட்டுருவேன்."

அம்மாவின் கையை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டினார். தலைக்கு மேலே ஒரு கண்ணாடிப் போத்தல், அதிலிருந்து ரப்பர் குழாய், நடுவில் சொட்டு விழுவது தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ். பெரியம்மா கஞ்சி வைத்துக் கொண்டுவர வீட்டுக்குப் போக வேண்டும். கூட யார் இருப்பது என்று அவர் கேட்டார்.

"இவ இருப்பா ஐயா. சரியான ஓட்டைவாய். ஒண்ணுன்னா ஊரையே கூட்டிருவா."

"அதுதான் எனக்கு வேணும்" என்றார் டிரெஸர். எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, இங்க பாரு. ஊசி குத்தின எடம் இப்பத் தட்டையா இருக்கு. இது மேடு கட்டினாலும் சரி, எரியுதுன்னு அம்மா சொன்னாலும் சரி, ஓடி வந்திரணும். நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாலும் பரவால்ல, சட்டையப் புடிச்சு இழு."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதுவரைக்கும் என் வாயை மூடச் சொன்னவர்கள்தான் உண்டு. அதை நம்பி ஒரு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டுக்களை எண்ணினேன். நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும் என்பதால் திரும்பத் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

உச்சிவேளையில் அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி உளறல் வந்தது. திமிறிப் புரண்டாள். பலகை இழுபட்டது. நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன். அடங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறக்காமலே முனக ஆரம்பித்தாள்.

"எரியுதுடி... கை எரியுது... அவரக் கூப்புடு."

பார்த்தேன். ஊசிக்குப் பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு மேடு கட்டியிருந்தது.

எழுந்து ஓடினேன். ஓடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வார்டின் பாதி வரைக்கும் ஓடினேன். டிரெஸர் கடைசிக் கட்டிலில் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிற ஒருவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் கத்தரிக்கோல் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. சொன்னால் அவர் வளையலை உடைப்பார். வளையல் உடைந்தால் தம்பி செத்துப்போவான். சொல்லாவிட்டால் அம்மாவுக்குக் கை எரியும், அவ்வளவுதானே. அம்மா பொறுத்துக்கொள்வாள். அடுப்பில் சுட்டுக்கொண்டபோது பொறுத்துக்கொள்ளவில்லையா? எட்டு வயதுத் தராசில் நான் நிறுத்துப் பார்த்தது இப்படித்தான்.

திரும்பி வந்து கட்டிலருகே நின்று அந்த மேட்டின்மேல் ஊதினேன்.

"கூப்புட்டியா?"

"வராரும்மா" என்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தரம் கேட்டாள். ஒவ்வொரு தரமும் அதையே சொன்னேன். சொட்டு முன்போல விழவில்லை, நிதானமாக விழுந்தது. மேடு முன்கை முழுக்கப் பரவிக் கீழே இறங்கியது. வளையல்களுக்கு நடுவில் சதை பிதுங்க ஆரம்பித்தது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. கம்பளியை இழுத்து அம்மாவின் கையை மூடிவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து டிரெஸர் வந்தார். ஒரு கையில் பாண்டேஜ் சுருள், இன்னொரு கையில் மருந்துத் தட்டு. போத்தலை அண்ணாந்து பார்த்தார். சொட்டைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார்.

"கை எப்படிப் பாப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு ஐயா."

"கெட்டிக்காரி" என்று தலையில் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கம்பளியைத் தூக்கிப் பார்த்திருக்கலாமே என்று பல வருஷம் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். பழியைப் பங்குபோட ஓர் ஆள் வேண்டியிருந்தது எனக்கு. அவர் தட்டிக்கொடுத்த இடம் இன்றைக்கும் கூசுகிறது.

நாலு மணிக்குப் பெரியம்மா கஞ்சியோடு வந்தாள். அம்மாவை நிமிர்த்தக் கம்பளியை விலக்கியவள் அலறிய அலறலில் தரையில் கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கை கையாக இல்லை. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. வளையல்கள் சதைக்குள் புதைந்து, பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் மட்டும்தான் தெரிந்தன. டிரெஸர் ஓடி வந்து முதலில் ஊசியைப் பிடுங்கினார். பெரியம்மாதான் கத்தினாள்.

"ஒடைங்க ஐயா! நிக்காதீங்க, ஒடைங்க!"

காலையில் குறுக்கே நின்ற அதே பெரியம்மா. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கொறடு போட்டு ஒவ்வொன்றாக உடைத்தார். கண்ணாடித் துண்டுகள் மங்குக் கிண்ணத்தில் விழுந்தன. மற்றவர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பார்த்தார்கள். நான் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நான் கேட்டேனே பாப்பா?"

 பெரியம்மா கையை ஓங்கினாள். அப்போது அம்மா கண்ணைத் திறந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா. நான்தான் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னேன்."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. "தப்பு என்னோடதும்மா, காலையிலேயே ஒடச்சிருக்கணும்" என்று டிரெஸர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

முழங்கையிலிருந்து கீழே தோல் கறுத்து உரிந்தது. வியாழக்கிழமை வந்த டாக்டர் கையை எடுக்க வேண்டியிருக்கும் என்றாராம். டிரெஸர்தான் கெஞ்சி நாள் வாங்கி, தினம் இரண்டு வேளை தன் கையாலேயே கழுவிக் கட்டினார். கை தங்கியது. விரல்கள்தான் தங்கவில்லை. இரண்டு விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன, மற்றவை எதையும் இறுக்கிப் பிடிக்காது. தம்பி இரண்டு மாதம் கழித்து ஒரு குறையும் இல்லாமல் பிறந்து, குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். உடைந்த பதினொரு வளையலைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

அதுவரைக்கும் அம்மாதான் எனக்குத் தலை பின்னுவாள். பின்னினால் இறுக்கத்தில் கண் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் அவள்தான் பின்னினாள். வலது கையின் அடியால் பின்னலின் ஒரு பிரியை என் முதுகோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மற்றதைச் சுற்றுவாள். பள்ளிக்கூட வாசலைத் தொடுவதற்குள் அவிழ்ந்துவிடும். ஒருநாள் வீட்டுக்கு வந்து, நீ பின்னினால் நிற்கவே இல்லை, எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று கத்தினேன். அவள் அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். அந்த வாயை அன்றைக்கு மூடியிருக்கக் கூடாதா?

கையைப் பார்த்து யார் கேட்டாலும் அம்மா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "என் புத்தி. புள்ளைய சொல்ல விடாம நான்தான் தடுத்துட்டேன்." பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். காய்ச்சல் வேகத்தில் அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது, அவள் கூப்பிடச் சொன்னதும் நான் வராரும்மா என்றதும் அவளுக்கு நினைவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன். பெரிய நிம்மதி. ஊரார் ரகசியம் எதுவும் தங்காத என் வயிற்றில் அது மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

எத்தனையோ வருஷம் போயிற்று. அம்மா கிழவியாகி, கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, சின்னப் பெண், மருந்து ஏற்ற வந்தாள். அவள் கேட்காமலே அம்மா இடது கையை நீட்டினாள். மெல்லிசாக ஒரு ஊசி, அதன்மேல் ஒரு பிளாஸ்திரி, வேலை முடிந்துவிட்டது. "பாட்டி, கை வீங்கினாலோ எரிஞ்சாலோ உடனே சொல்லணும் என்ன" என்றாள் மிஸ்ஸி.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த அதே நேர்ப்பார்வை.

"என் பொண்ணு இருக்கா மிஸ்ஸி. அவ சொல்லிருவா. இப்பப் பெரியவளாயிட்டா."

மிஸ்ஸி என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். நான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலில், எரிகிற கையோடு, நான் ஏன் கூப்பிடவில்லை என்பதையும் என்மேல் இனி என்னவெல்லாம் பழி விழும் என்பதையும் ஒரு நொடியில் புரிந்துகொண்டு அவள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். எட்டு வயதில் அதைக் காய்ச்சல் என்று நினைத்தேன்.

அன்று முழுவதும் அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொட்டு ஒழுங்காக விழுந்தது. கை வீங்கவே இல்லை. மன்னிச்சிரும்மா என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த நாள் பூராவும் எனக்குக் கிடைத்தது. தூங்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். விடிகாலையில் அம்மா போய்விட்டாள்.