நடுப்புள்ளியும் வாரத்துக்கு மூன்று ட்ரிப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவர் தான் எழுதிய அறுபது பக்கத்தையும் கிழிக்கப் போனார். நல்லவேளை... அந்த நேரம் பார்த்து என் தம்பி சேகர் இட்லி சாப்பிட வந்தான்.

கணவர் செய்யாறு பக்கம் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர். ஆறு வருஷமாக பிஎச்.டி. இந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து! தலைப்பு — டிராபிக்கல் ஜியோமெட்ரி. அதில் கூட்டல் என்றால் பெரியதை எடுத்துக்கொள்வது. மூன்றையும் ஐந்தையும் கூட்டினால் ஐந்து!

சிரிக்காதீர்கள். எங்கள் ஆரணியில் இது தினசரி நடப்பு. நீளவாக்கில் ஓடும் பாவு செவ்வாய் வருகிறது, குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு புதன், ஜரிகை வெள்ளி. தறி எப்போது ஓடும்? வெள்ளிக்கிழமைதான்.

அதனால் சேகர் பட்டு கொடுத்து நெய்யவைக்கும் எட்டு வீட்டுத் தறிகளையே கணக்குக்கு எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தறிக்கும் எந்தச் சாமான் எப்போது வேண்டும் என்று ஒரு பட்டியல். எட்டுக்கும் மொத்தத்தில் மிக நெருக்கமாக நிற்கும் ஒரு பட்டியல்தான் நடுப்புள்ளி. அது கிடைத்துவிட்டது.

சிக்கல் அடுத்த படியில். தறிகளுக்குச் சாமான் கொண்டுபோகும் வேன் வாரத்துக்கு மூன்று ட்ரிப்தான் போகும். ஒவ்வொரு பட்டியலையும் அந்த மூன்றுக்குள் அடக்கினால் கிடைப்பது அதன் நிழல். நடுப்புள்ளியின் நிழல், மற்ற நிழல்களுக்கும் நடுவில்தானே விழ வேண்டும்? அப்படி நம்பித்தான் அறுபது பக்கம். போட்டுப் பார்த்தால்... எங்கேயோ தள்ளிப்போய் விழுந்தது.

“எந்த மூணு ட்ரிப்பு போட்டீங்க மாமா?” சட்னியைத் தொட்டபடி கேட்டான் சேகர்.

“திங்கள், புதன், வெள்ளி. எல்லாரும் போடறதுதானே?”

“யார் போடறாங்க? நாங்க எட்டு வூட்டையும் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுதான் ட்ரிப்ப முடிவு பண்ணுவோம். நீங்க ட்ரிப்ப முடிவு பண்ணிட்டு, தறிங்கள அதுல திணிச்சிகினு இருக்கீங்க.”

கணவர் பாதி இட்லியோடு எழுந்தார். பட்டியல்களைப் பார்த்து, அவற்றுக்கு ஏற்ற மூன்று ட்ரிப்பைத் தேர்ந்தெடுத்தார். மறுபடி நிழல்களைப் போட்டார். நடுப்புள்ளியின் நிழல்... கச்சிதமாக நடுவில்! வேறு எட்டுப் பட்டியல் எடுத்துப் போட்டார். அதிலும் நடுவில்! மத்தியானச் சோறு ஆறிப்போனது, ஒருவரும் கவலைப்படவில்லை. நடுப்புள்ளியில் கோளாறே இல்லை. நிழல் விழும் இடத்தைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் — எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இனி ஆராய்ச்சி!

வியாழக்கிழமை கணவர் சென்னையிலிருந்து போனில் பேசினார். வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டாராம்.

“ஒத்துகினாரு. இந்த மாசமே குடுத்துடலாம்னாரு.” சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அழுதுவிட்டேன்.

மனிதர்களையும் நாம் இப்படித்தானே அளக்கிறோம்? நமக்குத் தோதான இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஆள் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். போன மாதம்தான் நான் அவரிடம், “உங்களுக்கு இது வராதுங்க, விட்டுட்டு டியூஷன் எடுங்க” என்று சொன்னேன்.

அப்படிச் சொல்லவேயில்லை என்று இப்போது சாதித்துக்கொண்டிருக்கிறேன்... மனுஷர் அதையும் ஒத்துக்கொண்டுவிட்டார்.