படுத்த நிலையிலேயே இருந்த ஆடுகள்

நாலு மாதமாக இந்தப் பத்தியில் உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேனே... வீட்டில் ஒரு கவலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. தம்பி சகாயத்தின் மேல் ஒரு கேஸ்.

ஏரியூர்ப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். ஒரு நாள் மத்தியானம் காலி வேனோடு வரும்போது, மண்பாதையிலிருந்து சட்டென்று ஏறிய பைக் மோதிவிட்டது. பைக்காரருக்குக் கால் முறிவு. வேன் பறந்து வந்தது என்கிறார் அவர். மெதுவாகத்தான் வந்தேன் என்கிறான் இவன். தண்டனை என்று ஆகிவிட்டால், அப்புறம் எந்த ஸ்கூல் இவனை நம்பி வேன் சாவியைக் கொடுக்கும்?

நேரில் பார்த்த சாட்சி ஒரே ஒருவர் — அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாதம்மாள். அதுவும் அரசுத் தரப்பு சாட்சி. பென்னாகரம் கோர்ட்டில் அவர் கூண்டில் ஏறியதுமே அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

அரசு வக்கீல் ஆரம்பித்தார். "சம்பவம் நடந்தப்ப மணி என்ன?"

"ஆடு மேஞ்சுட்டு அசை போடப் படுக்குற நேரமுங்க."

"நீங்க எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?"

"கூப்புடு தூரமுங்க."

"மீட்டர்ல சொல்லுங்க."

"அதெல்லாம் தெரியாதுங்க. நான் கூப்புட்டா ஆடு திரும்பிப் பாக்கும். அவ்ளோ தூரம்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வேன் என்ன வேகத்துல வந்துச்சு?"

"ஆடு ஒண்ணும் எந்திரிக்கலைங்க."

"ஆட்டைப் பத்தி நான் கேக்கலைம்மா. வேனைப் பத்திக் கேக்குறேன்."

"வேனைப் பத்தித்தானுங்க சொல்றேன்."

கோர்ட்டே சிரித்தது. எங்கள் வக்கீலும் சேர்ந்து சிரித்தார். எனக்கோ அழுகை முட்டியது. இந்தம்மா பேச்சை ஒதுக்கிவிட்டால், பைக்காரர் சொன்னதுதானே மிஞ்சும்?

மாஜிஸ்திரேட் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஆடுங்க எங்க படுத்திருந்துச்சு?" என்று கேட்டார்.

"புளியமரத்து நெழல்லங்க, தார் ரோட்டு ஓரமா. வண்டி வேகமா வந்தா, தூரத்துல வர்றப்பவே வெடுக்குன்னு எந்திரிச்சு ஓடிரும். அன்னிக்கு இந்த வேன் தாண்டிப் போற வரைக்கும் ஒண்ணுகூட எந்திரிக்கலைங்க. அதுபாட்டுக்கு அசை போட்டுக்கிட்டுக் கெடந்துச்சு."

மாஜிஸ்திரேட் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "வேன் கடந்து செல்லும் வரை சாட்சியின் ஆடுகள் படுத்த நிலையிலேயே இருந்தன."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வேகம் எவ்வளவு என்று நம்மைக் கேட்டிருந்தால்? அறுபது, எழுபது என்று வாய்க்கு வந்த ஒரு நம்பரை அடித்துவிட்டிருப்போம். மாதம்மாள் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். அதுதான் படித்த நமக்கு உளறலாகத் தெரிந்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை தீர்ப்பு. விடுதலை. அப்பாடா... நாலு மாதம் கழித்து அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நானும் தம்பியும் ஜிலேபி வாங்கிக்கொண்டு பைக்கில் மாதம்மாளைத் தேடிப் போனோம். தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். அவர் ஒரு ஜிலேபியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ மெதுவாத்தான் வந்த, சாமி. அதான் சொன்னேன். அதுக்கு முந்துன வாரம் நீ வேன்ல போனப்ப, ஆடு அத்தனையும் எந்திரிச்சு ஓடுச்சு. அத அங்க யாரும் கேக்கல."

திரும்பி வரும்போது தம்பி பைக் ஓட்டிய வேகத்துக்கு, எங்களை ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போனது.