வயிற்றிலே தண்ணீர், வாயிலே உப்பில்லை

"ரீச்சர், ஒருக்கா உப்புப் பாருங்கோ."

மதிலுக்கு மேலால் ஒரு அகப்பை வருகிறது. அதில் பருப்புக்கறி ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அகப்பையைப் பிடித்திருக்கும் கை மெலிந்து, காப்பு முழங்கைவரை வழுக்கிப்போகும் கை. கைக்குரியவளின் முகம் அரைவாசிதான் தெரியும். அவளால் மதிலோடு ஒட்டி நிற்க முடியாது. வயிறுதான் முதலில் வந்து மதிலில் முட்டும். நான் உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்பேன். எனக்குப் பிறஷர். உப்பைக் குறைக்கச் சொல்லி எனக்கும்தான் கிளினிக்கில் புத்தி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஓய்வூதியம் எடுத்த பிறகு என்னை நம்பி ஒருவர் கேட்கும் ஒரே கேள்வி இது. அதை ஒரு டொக்டருக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஜெயரூபி சோற்றுப் பார்சல் கட்டி விற்கிறவள். திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் என் வீட்டுக்கு அடுத்த வீடு. இறங்குதுறையிலும் துறைமுகத்தை ஒட்டிய கந்தோர்களிலும் வேலை செய்கிறவர்கள் மத்தியானத்தில் பிரித்து உண்பது அவள் கட்டிய சோறு. ஒரு துண்டு மீன், பருப்பு, இலைக்கறி, சம்பல். இராகுலன் என்றொருவர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி எடுத்துப் போவார். மிஞ்சிய கீரைத் தண்டை ஒழுங்கை முனையில் கொட்டினால் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். நாற்பதைத் தாண்டியவள், கலியாணம் கட்டாதவள், தாயும் தகப்பனும் இல்லாதவள். வயிற்றில் தண்ணீர் சேர்கிறவள்.

பல வருடமாகச் சேர்கிறது. ஏன் சேர்கிறதென்று திருகோணமலையிலும் தெரியவில்லை, கண்டியிலும் தெரியவில்லை, கொழும்பிலும் தெரியவில்லை. எடுக்காத படமில்லை, குத்தாத இடமில்லை. கசநோய் இல்லை, புற்றுநோய் இல்லை. அவளே சொல்லுவாள்: "ஈரல் சரியாம், நெஞ்சு சரியாம், கிட்னி சரியாம். எல்லாம் சரியெண்டா தண்ணி எங்கால வருது எண்டு கேட்டனான். பெரிய டொக்டர் சிரிச்சவர். பாவம், அவருக்கும் தெரியாது."

தண்ணீரைக் குறைக்கக் குளிசை தருகிறார்கள். குளிசை போட்டால் கக்கூசுக்கும் குசினிக்கும் இடையில் நடையாய் நடக்க வேண்டும். அன்று வெளியே எங்கும் போக முடியாது. குளிசைக்கும் மசியாமல் வயிறு இறுகி மூச்சு முட்டத் தொடங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுப்பாள். விலாப் பக்கத்தால் ஊசி ஏற்றிக் குழாய் வைத்துப் போத்தல் போத்தலாக இறக்குவார்கள். திரும்பி வந்த முதல் நாள் அவளைப் பிடிக்க முடியாது. முற்றம் கூட்டுவாள், குந்தியிருந்து தேங்காய் துருவுவாள், மதிலோடு வந்து நன்றாக ஒட்டி நின்று கதைப்பாள். "ரீச்சர், இண்டைக்கு என்ர கால்விரலைக் கண்டனான்" என்றாள் ஒருமுறை, வெளிநாட்டிலிருந்து வந்த ஆளைக் கண்டதுபோல. பிறகு கிழமை போகப் போக அவளுக்கும் மதிலுக்கும் இடையில் மறுபடி தூரம் விழும். படுத்தால் மூச்சு வராது என்பதால் சாய்மனைக் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை.

உப்பு அவளுக்குக் கூடவே கூடாது. கறிக்கு உப்புப் போடுமுன்னமே தன் பங்கைச் சின்னச் சட்டியில் அள்ளி வேறாக வைத்துவிடுவாள். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் துப்பினால் என்னவென்று கேட்டேன். "வேண்டாம் ரீச்சர். நாக்குக்கு ஒருக்காக் காட்டினா பிறகு அது ஒவ்வொரு நாளும் கேக்கும்" என்றாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தப் பழமொழியை நான் வாய்தவறிச் சொல்லத் தொடங்கி, பாதியில் விழுங்கினேன். அவளே மீதியைச் சொல்லி முடித்து, தன் சட்டியைக் காட்டிச் சிரித்தாள்.

வெளியே போனால் உலகம் அவளைப் பிள்ளைத்தாச்சி என்று எண்ணும். எண்ணாமல் என்ன செய்யும்? மெலிந்த கையும் காலும், முன்னால் தள்ளிய வயிறும். பஸ்ஸில் கொண்டக்டர், "அம்மாவுக்கு இடம் விடுங்கோ" என்று சத்தம் வைப்பான். சந்தையில் மீன்காரி இரண்டு சூடை கூடப் போடுவாள். "எத்தினை மாசம்?" என்று கேட்டால், "டொக்டர் இன்னும் சொல்லேல்ல" என்று முகம் மாறாமல் சொல்லுவாள். அதில் பொய்யில்லை என்பது அவள் கட்சி.

உண்மையைச் சொன்னால்தான் என்ன என்று ஒருநாள் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். நான் அப்படித்தான், கணக்குப் படிப்பித்தவள், விடை பிழையாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. அவள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"சொல்லிப் பாத்தனான் ரீச்சர். வருத்தமெண்டு சொன்ன உடன ஆள் ஒரு எட்டு பின்னுக்குப் போகும். பிறகு தொத்துமோ எண்டு கேக்கும். பிறகு, குடிக்கிறனீரோ எண்டு கேக்கும். பிள்ளையெண்டா எல்லாரும் கிட்ட வருவினம். நான் என்னத்துக்குச் சொல்லுவான்?"



சாம்பல்தீவில் அவளுக்கு ஒரு தமையன் இருக்கிறார், யோகலிங்கம். பஸ் ஏறினால் கண்மூடித் திறக்குமுன் போய்விடலாம். அவர், பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்குக்கு அழைக்க வந்தவர், கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, போகும்போது படலையடியில் நின்று, "நீ பின்னேரம் போல வந்தாக் காணும், ரூபி. சனம் கலைஞ்சாப் பிறகு" என்றார். கலியாணம் கட்டாத தங்கச்சியை அந்த வயிற்றோடு சபையில் வைத்து ஆருக்கென்று விளக்கம் சொல்லுவது? அவருடைய சங்கடம் விளங்குகிறது. விளங்கினாலும் அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரூபி போகவில்லை. பயற்றம் பணியாரம் சுட்டு அனுப்பிவிட்டு அன்று முழுவதும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரேயொரு சிநேகிதி இருந்தார். திரியாயைச் சேர்ந்த அன்னலட்சுமி. வயல் செய்கிற குடும்பம், ரூபியைவிட நிறைய மூத்தவர். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவருக்கும் தண்ணீர் இறக்கியிருக்கிறார்கள், அங்கே ஒட்டிக்கொண்ட சிநேகம். வீடு திரும்பிய பிறகு ஒருவரையொருவர் காணவில்லை. எல்லாம் போனில்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அடுத்த வீட்டில் போன் அடிக்கும்; ரூபி அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கதைப்பாள். மதிலுக்கு இந்தப்பக்கம் இருந்தபடி நான் கேட்காமல் இருக்க முயல்வேன்; முயற்சி பெரும்பாலும் தோல்வி.

"இண்டைக்கு என்ன சாப்பாடு அக்கா?"

"மண்."

"நானும் மண்தான். கொஞ்சம் தேசிக்காய் பிழிஞ்ச மண்."

பிறகு இரண்டுபேரும் சிரிப்பார்கள். வேறு எவரோடும் ரூபி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அன்னலட்சுமிக்கு ஈரல் சுருங்கும் வருத்தம். ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷிக்கு அது எப்படி வந்ததென்று ஊரே அதிசயப்பட்டது. ஆனாலும் ரூபிக்கு அதில் ஒரு சின்னப் பொறாமை இருந்தது. "அவவின்ர வருத்தத்துக்கு ஒரு பேர் இருக்கு ரீச்சர். ஆரும் கேட்டா ஒரு சொல்லில சொல்லிப்போட்டு இருக்கலாம்" என்பாள்.

போன மாதம் ஒரு காலை, சோறு அடுப்பில் கொதிக்கும் நேரத்தில் அந்தப் போன் அடித்தது. இலக்கம் அன்னலட்சுமியுடையது. பேசியது மகள் சுதர்சிகா. அம்மா இரவு போய்விட்டார், பின்னேரம் எடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று ரூபி உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடவில்லை. பார்சல்களைக் கட்டி இராகுலனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"ரீச்சர், திரியாய்க்கு என்னோட வாறீங்களே? எனக்குத் தனியப் போக ஏலாது. அக்காவின்ர முகத்தை ஒருக்காப் பாக்கோணும். ஆஸ்பத்திரி வாட்டில பாத்ததுதான். குரல்தான் ஞாபகத்தில இருக்கு, முகம் மங்கிப்போச்சு."

குளிசை போட்டாயா என்று கேட்டேன். போடவில்லை, போட்டால் பஸ்ஸில் இருக்க முடியாது. கால் ஏற்கெனவே வீங்கிச் செருப்பு வார் புதைந்திருந்தது. புறப்பட்டோம்.

புல்மோட்டை பஸ்ஸில் ஒரு பெடியன் எழும்பி அவளுக்கு இடம் கொடுத்தான். அவள் நன்றி சொல்லி இருந்தாள். சாம்பல்தீவு வந்தபோது குனிந்து சேலைக் கொய்யக மடிப்பைச் சரிசெய்தாள். பாலம் கடந்த பிறகுதான் நிமிர்ந்தாள். நிலாவெளி தாண்டி, கும்புறுப்பிட்டி தாண்டிப் போகும்போது, "பேர் உள்ளவ போயிற்றா. பேர் இல்லாத நான் இருக்கிறன்" என்றாள்.

செத்தவீட்டு வேலியில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. பறைச் சத்தம் சந்திக்கே கேட்டது. படலையை அரைவாசி சாத்திவிட்டு நாலைந்து பெண்கள் நின்றார்கள். உள்ளே கிரியை தொடங்கிவிட்டது. நாங்கள் கிட்டப் போனதும், அவர்களில் வயதான ஒருவர் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"எங்க மோனை போறாய்? பிள்ளைத்தாச்சி செத்தவீட்டுக்க வரப்படாதெண்டு தெரியாதே?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உங்களைப் பாத்தாப் படிச்ச ஆள் மாதிரி இருக்கு. ஒரு வாயும் வயிறுமான பிள்ளையை இந்த வெயிலுக்குள்ள பிரேதம் பாக்கவோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

நான் வாயைத் திறந்தேன். ரூபி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "முகம் பாத்திட்டு உடன வந்திடுறன் அம்மா" என்றாள்.

"ஏலாது. நான் அன்னத்தின்ர பெரியம்மா, சிவகாமிப்பிள்ளை. விடிய இந்தக் கையாலதான் அவளைக் குளிப்பாட்டி உடுப்பு மாத்தினனான். செத்தவள் எனக்குப் பிள்ளைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா வாற சீவனுக்கு ஒண்டு வந்திட்டா ஆர் பதில் சொல்லுறது? உதில முன்வீட்டு மாமரத்தடியில இரு. தண்ணி குடி. எடுத்துக்கொண்டு போனாப் பிறகு உள்ளுக்க வரலாம்."

எடுத்துக்கொண்டு போன பிறகு வந்து என்ன பார்ப்பது? பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இப்போது பார்க்காவிட்டால் அந்த முகம் இனி இல்லை.

அதற்குள் ஒரு பெண் கதிரை கொண்டுவந்தாள். இன்னொருத்தி செம்பில் தண்ணீர் நீட்டினாள். ஒருத்தி சேலைத் தலைப்பால் அவளுக்கு விசுக்கினாள். இத்தனைபேர் இவ்வளவு கிட்ட நின்று ரூபியைப் பார்த்துக்கொண்டதை நான் கண்டதில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தக் கதிரையில் இருந்துவிட்டால் போதும், அவ்வளவு அன்பும் அவளுக்குத்தான். வாயைத் திறந்தால் எல்லாரும் ஒரு எட்டுப் பின்னுக்குப் போவார்கள். உள்ளே பறை ஒரு கணம் நின்று, பெண்களின் அழுகை திடீரென்று உயர்ந்தது. பெட்டியை மூடப்போகிறார்கள் போலும்.

ரூபி கதிரையில் இருக்கவில்லை. செம்பையும் வாங்கவில்லை. வழியை மறித்திருந்த சிவகாமிப்பிள்ளையின் கையை எடுத்தாள். அதைத் தன் வயிற்றின் இடப்பக்கத்தில் விரித்து வைத்து, தன் கையால் அழுத்திப் பிடித்தாள். பிறகு மற்றக் கையின் விரலை மடக்கி, வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு தரம் சுண்டினாள்.

உள்ளே அலை எழும்பி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனதைச் சேலைக்கு மேலாலேயே நான் கண்டேன். அது போய்க் கிழவியின் உள்ளங்கையில் அடித்தது.

"பிள்ளையில்லை அம்மா," என்றாள் ரூபி. "தண்ணி. அக்காவுக்கு இருந்த அதே தண்ணி."

விசுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். செம்புக்காரி ஒரு எட்டு விலகினாள்.

சிவகாமிப்பிள்ளை கையை எடுக்கவில்லை. அந்தக் கை அங்கேயே இருக்க, மற்றக் கையால் படலையைத் தள்ளித் திறந்தார்.