செவலையின் பின்னங்கால்

என் மனைவி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வார்த்து வரும் இரும்புச் சாமான்களில் வெடிப்போ கோணலோ இருந்தால் பார்த்து ஒதுக்குவது அவள் வேலை. மாடுகள் என் பொறுப்பு. ஆனால் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும், கழுத்தில் தொங்கும் அட்டையைக்கூடக் கழற்றாமல் கொட்டகை வாசலில் நின்றுவிடுவாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மாடுகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். "மகாராணிக்கு அணிவகுப்பு" என்று கிண்டல் செய்வேன். அவள் கண்ணை எடுக்க மாட்டாள்.

ஒரு நாள் நிறைசினையாக இருந்த செவலை மாடு போகும்போது கையை நீட்டினாள்.

"மாமா, செவல முதுக வளைச்சிகினு நடக்குது. பின்னங்கால்ல இன்னாவோ இருக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து அதோடு கிடப்பவன் நான். தீவனம் குறையவில்லை, கால் வீங்கவில்லை. "வவுத்துல கன்னு இருந்தா முதுகு வளையாதா? மாடு இன்னா உங்க கம்பெனி சாமானா?"

"முன்னாடி போனதும் செனமாடுதான். அது நேராத்தானே போச்சு?"

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் அவர் வந்து, இடது பின்னங்காலைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டி, குளம்பின் அடியைச் சீவினார். குளம்பின் ஒரு பாதியில் கறுப்பாக ஒரு புள்ளி. கத்தி பட்டதும் சீழ் வந்தது. கழுவி மருந்து வைத்து, புண் தரையில் படாமலிருக்க, நோகாத பாதியின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டினார். "நல்ல நேரத்துல பாத்தீங்க" என்றார். மனைவி கம்பெனியில் இருந்ததால் அந்தப் பாராட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

போகும்போது அவர் சொன்னதுதான் பயமாக இருந்தது. "மாடு எழுந்திருக்கறப்ப பின்பக்கத்தத்தான் முதல்ல தூக்கும். கன்னு போட்டப்புறம் இந்தக் கால ஊன்ற முடியலன்னா, படுத்த மாடு படுத்ததுதான். அதுக்குள்ள ஆறணும். ஆறணும்னா நல்லா படுத்து ஓய்வெடுக்கணும்."

செவலையோ படுக்கவே இல்லை. முன்காலை மடக்கும், சொரசொரப்பான சிமெண்ட் முட்டியில் பட்டதும் நிமிர்ந்துவிடும். வைக்கோல் பரப்பினேன். அது கால் மாற்றி மாற்றி நின்றதில் எல்லாம் ஒதுங்கிப் போயிற்று. அந்தத் தரை என் மனைவியின் பெருமை. தீபாவளி போனஸில் போட்டது. மாடு வழுக்கக் கூடாதென்று ஈரத்திலேயே கோடு இழுக்கச் சொன்னவளும் அவள்தான். விருந்தாளி வந்தால் வீட்டுக்கு முன்னால் கொட்டகையைத்தான் காட்டுவாள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் செவலை படுக்கப் போய் நிமிர்வதை அவளும் பார்த்தாள். மாட்டை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டுக் கடப்பாரையோடு வந்தாள்.

"இன்னாடி பண்றே? உன் போனசுடி அது!"

"என்னுதுன்னா பாஸாயிடுமா? தள்ளு மாமா."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. கடப்பாரையை வாங்கப் பார்த்தேன், கொடுக்கவில்லை. நான் சம்மட்டியை எடுத்துக்கொண்டேன். செவலை நிற்கும் இடத்தில் மட்டும் சிமெண்டைப் பெயர்த்து, மண் கொட்டி, மேலே கனமாக உமி பரப்பினோம். செவலை மோந்து பார்த்தது, முட்டியை மடக்கியது, படுத்து அசைபோட ஆரம்பித்தது. இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். கொப்புளம் வந்த கையை ஊதிக்கொண்டே, "டீ போடு மாமா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செவலை கன்று ஈன்றது. கன்றின் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்துவிட்டு, ஆசையாக மனைவியைக் கூப்பிட்டேன். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. செவலையின் பின்னால் குந்தியிருந்தாள். செவலை கன்றை நக்கக் கழுத்தை நீட்டியது, எட்டவில்லை. பின்பக்கத்தைத் தூக்கியது. இடது கால் நடுங்கியது, சரிந்துவிட்டது. மறுபடி தூக்கியது. இந்தத் தடவை இடது குளம்பு உமிக்குள் அழுந்தி நின்றது. முன்கால்களும் நிமிர்ந்தன. இரண்டு எட்டு நடந்து வந்து கன்றை நக்கியது.

என் மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கெடேரியா, காளையா?" என்று அப்புறம்தான் கேட்டாள்.