குமுளி ஏறிய கார்

பழைய சாமான்களைச் சேர்த்துத் தானே ஒரு கார் கட்டி, கம்பத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார் அந்த டிரைவர். பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. யுத்தத்துக்கு முந்தைய வருஷம் அது. "இந்தத் தகரம் குமுளி மலை ஏறாது" என்று பஸ் முதலாளி ஒருவர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட, அன்றிலிருந்து பாரம் குறைப்பதே இவர் வேலையாகிவிட்டது. கதவுகளைக் கழற்றினார். பின் சீட்டைக் கழற்றினார். தலையையும் மொட்டையடித்துக்கொண்டார்.

அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருந்த நான் ஒருநாள் அதில் ஏறினேன். செருப்பைக் கம்பத்திலேயே விடச் சொன்னார். பாதி மலையில் கார் திணறியதும் என்னை இறக்கினார். பிறகு அவரும் குதித்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காரோடு நடந்தார். என் மருந்துப் பெட்டி மட்டும் சொகுசாக உட்கார்ந்து வந்தது.

ஏற்றம் முடிகிற இடத்தில் இருவரும் ஏறிக்கொண்டோம். குமுளியில் நடுரோட்டில் அந்த முதலாளி நின்றிருந்தார்.

"நாம நடந்துதானே வந்தோம்?" என்றேன் மெதுவாக.

"கார் ஏறாதுன்னுதான் சொன்னாக சார். நம்மளப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

ஹாரனையும் கழற்றிவிட்டிருந்ததால் வாயாலேயே 'பாம் பாம்' என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அந்தச் சத்தத்துக்கு ஏன் ஒதுங்கி வழிவிட்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.